பெட்டி போச்சு, கிண்ணம் இருக்கு

அத்தியாயம் 4

“திருடன் கிண்ணத்தை விட்டுட்டுப் பெட்டியை மட்டும் தூக்கிட்டுப் போயிருக்கான் அண்ணி. வாழைப்பழத்தைக் கீழ போட்டுட்டுத் தோலைத் தின்ன கதையா இல்ல இருக்கு?” என்றான் கொழுந்தன்.

“முதல்ல ஸ்கூட்டரை நேரா நிறுத்து. அப்புறம் பழம் சாப்பிடலாம்,” என்றாள் அண்ணி.

அண்ணி ரயில் நிலையத்தில், தொலைந்த பொருள் கவுன்டரில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவள். குடை, பல்செட், ஒரு தடவை தாலி கட்டப் போன மாப்பிள்ளை என்று தொலைந்ததையெல்லாம் உரியவர்களிடம் சேர்த்தவள். ஓய்வு பெற்ற பிறகும் ஜனங்கள் விடவில்லை. எது காணாமல் போனாலும் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கொழுந்தன் அவள் கணவரின் தம்பி. நாற்பத்து மூன்று வயது, சொந்தமாக ஒரு ஸ்கூட்டர், சொந்தமாக ஒரு தொப்பை. வேலை மட்டும் சொந்தமாகக் கிடைக்கவில்லை. அண்ணியின் வேலையில் பாதியை எடுத்துக்கொண்டான். அதுவும் பேசுகிற பாதி.

எதிரே மூன்று மாடிக் கட்டடம். வாசலில் பலகை: ‘ஜப்பானியக் கலை மற்றும் பன்னாட்டுப் பரிமாற்ற மையம்’. உள்ளே நுழைந்ததும் ஒரு மரப்படி. அதற்கு மேல் செருப்புக் கால் வைக்கக் கூடாது.

படியோரம் நின்றிருந்த பெண்மணிக்குக் கண் சிவந்திருந்தது. அவளுக்கு அங்கே ‘வாசலக்கா’ என்று பெயர். அண்ணிக்குப் போன் செய்து வரவழைத்தவள் அவள்தான்.

“வந்துட்டீங்களா அண்ணி! நல்லவேளை!” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே குனிந்தாள். அவர்கள் கழற்றிய செருப்புகளை எடுத்து, முனை வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.

“என்னக்கா, இப்பத்தானே வந்தோம். அதுக்குள்ள கிளம்பச் சொல்றீங்க?” என்றான் கொழுந்தன்.

“ஐயோ, அப்படி இல்லீங்க தம்பி. இது இங்க மரியாதை. விருந்தாளி திரும்பிப் போறப்ப தடுமாறக் கூடாது. அப்படியே காலை நுழைச்சுக்கிட்டு நடக்கணும். பதினோரு வருஷமா இதான் என் வேலை. தினம் நூறு நூத்தைம்பது ஜோடி திருப்பறேன்.”

“உங்க செருப்பை யாரு திருப்பறது?”

“எனக்கு யாருங்க திருப்புவாங்க? நான் என்ன விருந்தாளியா?”

அண்ணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். “அழுகையை அப்புறம் வச்சுக்கலாம். என்ன நடந்துச்சு, சொல்லு.”

“ஜப்பான்லேருந்து ஒரு பெரிய குயவரோட தேநீர்க் கிண்ணம் கண்காட்சிக்கு வந்துச்சு அண்ணி. அவர் காலமாயிட்டாராம். இன்னைக்கு நாலு மணிக்கு அவரோட மக வந்து திரும்ப எடுத்துட்டுப் போறாங்க. கிண்ணம் மேல பத்திரமா இருக்கு. அது வந்த மரப்பெட்டியைத்தான் காணோம். ஸ்டோர் ரூம் சாவி என்கிட்ட இருந்துச்சு. அதனால நான்தான் தொலைச்சேனாம்.”

“தொலைக்கலேன்னா எங்கே?” என்று ஒரு குரல் மேலிருந்து இறங்கி வந்தது. பின்னாலேயே ஆளும் இறங்கினார். அவர்தான் மையத்தின் செயலாளர். ஆறு மாதம் ஜப்பானில் இருந்துவிட்டு வந்தவர். அதற்கு முந்தைய ஐம்பத்து மூன்று வருடத்தையும் மறந்துவிட்டவர். கட்டைவிரல் தனியாகப் பிரிந்த வெள்ளைக் காலுறை போட்டிருந்தார். எல்லாருக்கும் இடுப்பிலிருந்து குனிந்து வணக்கம் சொன்னார். சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்துக்கும் ஒன்று விழுந்தது.

“வெறும் மரப்பெட்டிக்கா இவ்வளவு அமர்க்களம்?” என்றாள் அண்ணி.

“வெறும் மரப்பெட்டியா! அம்மா, அந்த மூடியில அவர் தன் கையால மையில எழுதியிருக்கார். கிண்ணத்தோட பேர், அவர் பேர், எல்லாம் அதுலதான். பெட்டியோட இருந்தா அது பொக்கிஷம். பெட்டி இல்லேன்னா அனாதைப் பிள்ளை.” செயலாளர் தலையைத் தாழ்த்தினார். “நான் யாரையும் குற்றம் சொல்லல. சாவி இவங்ககிட்ட இருந்தது. பெட்டி உள்ள இருந்தது. இப்ப இல்ல. நாலு மணிக்குள்ள வரலேன்னா, யார் தொலைச்சாங்களோ அவங்க அஞ்சு மணிக்குச் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட வேண்டியதுதான்.”

சொல்லிவிட்டு வாசலக்காவுக்கும் ஒரு வணக்கம் வைத்தார்.

“குனிஞ்சுகிட்டே குத்தறார் அண்ணி,” என்று கொழுந்தன் முணுமுணுத்தான்.

அப்போது மணி இரண்டு இருபது.

ஸ்டோர் ரூம் சின்னதுதான். ஒரு பக்கம் சுருட்டி வைத்த ஓவியங்கள். இன்னொரு பக்கம் பூ அலங்கார வகுப்புக்கான தட்டுகள். நடு அலமாரியில் ஒரு காலி இடம். கீழ்த்தட்டில் நீலத் துணியில் கட்டிய ஒரு பொட்டலம். அதன் உச்சியில் முடிச்சு, நான்கு இதழ் விரித்த பூ மாதிரி உட்கார்ந்திருந்தது.

“பெட்டியைக் கடைசியா எப்போ பாத்தீங்க?” என்றாள் அண்ணி.

“நேத்து காலைல. தூசி படக் கூடாதுன்னு நானே துணியில கட்டி இந்த நடுத்தட்டுல வச்சேன்,” என்றார் செயலாளர்.

“எந்தத் துணி?”

“நீலம். இங்க எல்லாமே நீலம்தான். மையத்தோட நிறம்.” செயலாளர் கீழே இருந்த பொட்டலத்தின் முடிச்சைக் காதலியின் கன்னத்தைப் போலப் பட்டும் படாமலும் தடவினார். “இந்த முடிச்சைப் பாத்தீங்களா? இழுத்தா அவிழாது. தொட்டா அவிழும். கத்துக்க எனக்கு ஆறு வாரம் ஆச்சு. இந்தக் கட்டடத்துல வேற ஒருத்தருக்கும் வராது.”

“எங்க வீட்ல அண்ணன் பைஜாமாவுக்குப் போடற முடிச்சு இதுக்கு நேர் எதிர். தொட்டா அவிழாது, இழுத்தா அறுந்துடும்,” என்றான் கொழுந்தன்.

“இது என்ன பொட்டலம்?” என்றாள் அண்ணி.

“அதுவா? நேத்து சாயங்காலம் கண்காட்சி நிறைவு விழா. சிறப்பு விருந்தினருக்குப் பரிசு கொடுத்தோம். பெட்டியில ரெண்டு பீங்கான் கோப்பை. அதுல மிச்சம்.”

“எத்தனை கட்டினீங்க?”

“நாலு.”

“விருந்தாளி எத்தனை பேர்?”

“நாலு.”

“எல்லாரும் வந்தாங்களா?”

“வராம? நாலு பேருக்கும் நானே ரெண்டு கையால கொடுத்தேன்.” மாடியில் தொலைபேசி மணி அடித்தது. “மன்னிக்கணும்,” என்று குனிந்தபடியே பின்னால் நடந்து போய்க் கதவில் முதுகை இடித்துக்கொண்டு மறைந்தார்.

கொழுந்தன் விரலை மடக்கினான். “நாலு கட்டினார். நாலு கொடுத்தார். மிச்சம் ஒண்ணு. நான் பள்ளிக்கூடத்துல போட்ட கணக்கெல்லாம் இப்படித்தான் வரும் அண்ணி. அதுக்கு அடிச்சாங்க.”

“தொலைச்சவங்க எல்லாரும் இல்லாததையே தேடுவாங்க தம்பி. கவுன்டர்ல நான் அப்படித் தேட மாட்டேன். எது கூடுதலா இருக்குன்னு பார்ப்பேன். ஒருத்தன் கறுப்புக் குடை காணோம்னு வந்து நின்னா, இன்னொருத்தனோட கறுப்புக் குடை என் அலமாரியில கேட்பாரில்லாம தொங்கும்.” அண்ணி முடிச்சைத் தொட்டாள். தொட்டதும் அவிழ்ந்தது. உள்ளே புதுப்பெட்டி. அதற்குள் இரண்டு கோப்பைகள்.

வாசலக்கா வாயில் கையை வைத்தாள். “அப்போ நேத்து யாரோ ஒரு விருந்தாளிக்கு…”

“காலிப் பெட்டியைப் பரிசா கொடுத்திருக்கார். ரெண்டு கையால, குனிஞ்சு,” என்றான் கொழுந்தன். “இப்பவே மேல போய்ச் சொல்லட்டுமா? எனக்கு வாய் அரிக்குது.”

“கையில பெட்டி இல்லாம சொன்னா, பொட்டலம் மாறினதுக்கும் இவதான் காரணம்னுவார். முதல்ல பெட்டி. நாலு பேர்ல யாருன்னு கண்டுபிடிக்கணும்.”

அதற்கு நெடுந்தூரம் போக வேண்டியிருக்கவில்லை. முன்கூடத்துப் பலகையில் நேற்றைய விழாப் படங்களைச் செயலாளர் விடிந்ததும் விடியாததுமாகக் குத்தி வைத்திருந்தார். எல்லாப் படத்திலும் அவர் இருந்தார். பரிசு வாங்குகிற படம் நான்கு. கல்லூரி முதல்வர் பொட்டலத்தை வயிற்றோடு அணைத்திருந்தார். நாட்டிய ஆசிரியை தோள் இறங்க ஏந்தியிருந்தார். கட்டடப் பொறியாளர் முகம் சுளித்துத் தாங்கிக்கொண்டிருந்தார். நான்காவது ஆள் எண்பது வயதுக் கிழவர், ஒடிசலான உடம்பு. அவர் பொட்டலத்தை இடது கை விரல் நுனியில் தொங்கவிட்டுக்கொண்டு, வலது கையால் கூட்டத்துக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தார்.

“மத்த மூணு பேரும் அம்மி தூக்கற மாதிரி தூக்கறாங்க. இந்தப் பெரியவர் மட்டும் அப்பளக் கட்டு மாதிரி தூக்கறார்,” என்றான் கொழுந்தன்.

“ரெண்டு பீங்கான் கோப்பையை இந்த விரல் தாங்காது. காலிப் பெட்டியைத் தாங்கும். யாரு இவரு?” என்றாள் அண்ணி.

“கண் டாக்டருங்க. ஓய்வு பெற்றவர். பூங்காவுக்குப் பின் தெருவுல பச்சை கேட்டு.”

“நீ இங்கயே இரு. வந்தவங்க செருப்பைத் திருப்பிக்கிட்டே இரு. நாலு மணிக்குள்ள வந்துடறோம்.”

பச்சைக் கேட்டைத் திறந்தவர் டாக்டரேதான்.

“நேத்து வாங்கின பரிசா? நான் பிரிக்கவே இல்லையேம்மா. அந்தக் காலுறைக்காரர் மேடையிலயே சொல்லிட்டாரே, கொடுத்தவங்க எதிர்ல பிரிக்கக் கூடாது, அது நாகரிகம் இல்லன்னு. சரி, வீட்ல பிரிக்கலாம்னு வந்தேன். வீட்ல இவ எதிர்ல எதையுமே பிரிக்க முடியாது.”

“ஏன், உங்களை எதையாவது பிரிக்க விட்டா திரும்பச் சேர்க்கத் தெரியுதா? போன மாசம் பிரிச்ச மிக்ஸி இன்னும் மூணு டப்பாவுல கிடக்கு,” என்றபடி டாக்டரம்மா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர்களை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பீரோவைத் திறந்தார்.

உள்ளே தரையிலிருந்து உச்சி வரை பிரிக்காத பரிசுகள். சுவர்க் கடிகாரம், சால்வை, பேனா செட், மறுபடி சுவர்க் கடிகாரம். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது.

“இவருக்கு மேடைக்கு மேடை கொடுத்துடறாங்க. பதினேழு கடிகாரம் மாட்ட வீட்ல சுவர் வேணாமா? அதனால வர்ற விசேஷத்துக்கெல்லாம் இதுலேருந்துதான் எடுத்துக் கொடுப்பேன். சீட்டு எதுக்குன்னா, கொடுத்தவங்களுக்கே திரும்பிப் போயிடக் கூடாது பாருங்க. அதுல நான் ரொம்ப ஜாக்கிரதை. இது வரைக்கும் ஒரு தடவை கூடத் தப்பினதில்ல.”

“அந்த நீலப் பொட்டலம் எங்கம்மா?”

“அதுவா? காலைல என் தங்கச்சி வந்தா. அந்த மையத்துலதான் பூ அலங்காரம் சொல்லித் தர்றா. ‘அக்கா, இன்னைக்கு ஜப்பான்லேருந்து ஒரு அம்மா வர்றாங்க, வெறுங்கையோட எப்படி நிக்கறது, அவசரத்துக்கு ஏதாவது கொடு’ன்னா. நீலத் துணியும் பூ முடிச்சுமா இதுதான் பொருத்தமா இருந்துச்சு. கொடுத்து அனுப்பிட்டேன்.”

அறையில் ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு கடிகாரம்தான். அது மூன்று முப்பத்தெட்டு காட்டியது.

“ஜப்பான்லேருந்து வர்ற அம்மாவோட அப்பா பெட்டிதாம்மா அது,” என்றாள் அண்ணி.

டாக்டரம்மா பீரோவைப் பிடித்துக்கொண்டார். “கொடுத்தவங்களுக்கேவா போச்சு!”

டாக்டர் மட்டும் ரொம்ப சந்தோஷமாகத் தலையாட்டினார். “இன்னைக்குத் தப்பிடுச்சு பாத்தியா!”

ஸ்கூட்டர் பறந்தது. கொழுந்தன் கணக்கில் பறந்தது. பக்கத்தில் சைக்கிளில் போனவர் இரண்டு முறை முந்தினார்.

“போன் பண்ணிப் பாத்தியா?” என்று அண்ணி காதருகே கத்தினாள்.

“அடிச்சுப் பாத்தேன் அண்ணி, யாரும் எடுக்கல. விருந்தாளி வர்ற நேரம், செயலாளர் எல்லாப் போனையும் கூடையில போடச் சொல்லியிருப்பார். நல்லா யோசிச்சுப் பாருங்க, பயம் என்னன்னா, அந்த அம்மாவும் பரிசை எதிர்ல பிரிக்க மாட்டாங்க! பெட்டியைக் கையில வச்சுக்கிட்டே, பெட்டி போச்சேன்னு அழுதுட்டு விமானம் ஏறிடுவாங்க. வாசலக்கா வேலை போயிடும். அப்புறம் அவங்க ஊர்ல பொட்டலத்தைப் பிரிச்சு…”

“பாதையைப் பாத்து ஓட்டு!”

நாலு ஏழுக்கு மையத்தின் வாசலில் இறங்கினார்கள். மரப்படியில் ஒரு ஜோடி பழுப்பு நிற ஷூ புதிதாக இருந்தது. முனை வாசலைப் பார்த்தபடி. வாசலக்கா அழுதுகொண்டாவது தன் வேலையைச் செய்திருந்தாள்.

மேலே, கோரைப் பாய் விரித்த அறை. நடுவில் அந்தக் கிண்ணம். சாம்பல் நிறம், ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்த வாய். அதற்கு அந்தப் பக்கம் குயவரின் மகள் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும், குட்டை முடி, அவரும் மண்ணைப் பிசைகிறவர் என்பது விரலைப் பார்த்தாலே தெரிந்தது. மடியில் நீலப் பொட்டலம். பக்கத்தில் டாக்டரம்மாவின் தங்கையான பூ டீச்சர், பெருமையில் பூரித்துப்போய். இந்தப் பக்கம் செயலாளர், மண்டியிட்டு மண்டியிட்டுக் கால் மரத்துப்போய். கதவோரம் வாசலக்கா, குற்றவாளி நிற்கிற மாதிரி.

“…ஆகவே, எங்க வாசல் ஊழியரோட கவனக்குறைவால பெட்டி காணாம போயிடுச்சு. அதுக்கு நான் தலை குனியறேன்,” என்று செயலாளர் குனிந்துகொண்டிருந்தார்.

குயவரின் மகள் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு, “நான் இரண்டு ஆண்டுகளாகத் தமிழ் படிக்கிறேன். ஆனால் இதற்குப் பதில் சொல்ல எனக்குச் சொற்கள் தெரியவில்லை,” என்றார். புத்தகத்தில் அச்சடித்த மாதிரி ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. “அந்த மூடியில்தான் அப்பாவின் கடைசி எழுத்து இருக்கிறது.”

“அம்மா, உங்க மடியில இருக்கற பொட்டலத்தைக் கொஞ்சம் பிரிங்க,” என்றாள் அண்ணி.

செயலாளருக்கு உயிரே போய்விட்டது. “என்னம்மா இது! பரிசை எதிர்லயே பிரிக்கறதா? அநாகரிகம்!”

“வேணாமே! சின்னப் பொருள். மூணு கடை ஏறி இறங்கி நானே பாத்து வாங்கினது. அவங்க ஊருக்குப் போய் நிதானமாப் பிரிக்கட்டும்,” என்றார் பூ டீச்சர். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. கடிகாரமாக இருந்துவிடுமோ என்ற பயம் முகத்தில் ஓடியது.

“இவ வேலை போகப் போகுது. உங்க நாகரிகத்தைக் கொஞ்சம் இறக்கி வைங்க,” என்றாள் அண்ணி.

குயவரின் மகள் அண்ணியைப் பார்த்தார். வாசலக்காவைப் பார்த்தார். மடியைப் பார்த்தார்.

“எங்கள் வழக்கப்படி, தந்தவர் பார்க்கும்போது பரிசைப் பிரிக்கக் கூடாது,” என்றார். “ஆகையால் எல்லாரும் தயவுசெய்து சுவரைப் பார்த்துத் திரும்புங்கள்.”

எல்லாரும் திரும்பினார்கள். செயலாளர் மரத்த காலோடு முட்டியிலேயே சுழன்றார். கொழுந்தன் சுவரோடு மூக்கை வைத்துக்கொண்டு, “வகுப்புல என்னை நிறுத்தி வச்ச இடம் இதேதான்,” என்றான்.

முதுகுக்குப் பின்னால் அந்த அம்மாவின் குரல்: “ஆகா, மிக அழகான முடிச்சு. இதைக் கட்டியது யார்?”

“நான்தாங்க,” என்றார் பூ டீச்சர், சுவரைப் பார்த்தபடி. “சும்மா, கைக்கு வந்த மாதிரி கட்டினேன்.”

“கைக்கு வந்ததா!” செயலாளர் பொங்கிவிட்டார். “ஆறு வாரம் டீச்சர்! விரல் வீங்கிப்போச்சு! இந்தக் கட்டடத்துல அந்த முடிச்சைப் போடறது நான் ஒருத்தன்தான். பாக்காமலே சொல்வேன், நாலு இதழும் சமமா இருக்கும். அதைக் கட்டினது நான்தான்! நான்… தான்…”

கடைசிச் சொல் குட்டியாகிக் காணாமல் போயிற்று.

துணி சரிகிற ஓசை கேட்டது. மூடி கிளம்புகிற சின்ன ஓசையும் கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு. சிரிப்புக்கு நடுவில் ஒரு விம்மல்.

“திரும்பலாம்.”

நீலத் துணியின் மேல் பழைய மரப்பெட்டி. மூடியில் கறுப்பு எழுத்து, கடைசிக் கோடு கொஞ்சம் நடுங்கி. குயவரின் மகள் கிண்ணத்தை இரு கையாலும் எடுத்து உள்ளே வைத்தார். அது இறங்கி உட்கார்ந்தது.

பூ டீச்சரைப் பார்த்து, “மூன்று கடைகள் ஏறி இறங்கினீர்கள். மிக்க நன்றி. இப்படிப்பட்ட பொருள் எந்தக் கடையிலும் கிடைக்காது,” என்றார். பூ டீச்சர் தன் ஜாடியில் இருந்த ஒற்றைப் பூவுக்குப் பின்னால் ஒளிய இடம் தேடினார்.

அண்ணி நடந்ததை நாலே வரியில் சொன்னாள். பொட்டலம் மாறியது, டாக்டர் தூக்கியது, பீரோவுக்குள் போனது, தங்கையோடு வந்தது. சொல்லி முடித்துவிட்டுச் செயலாளரிடம் மெதுவாகக் கேட்டாள்: “யார் தொலைச்சாங்களோ அவங்க எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு சொன்னீங்க?”

செயலாளர் குனிந்தார். இந்தத் தடவை நெற்றி பாயைத் தொட்டது. நிமிரவே இல்லை.

“நிமிரச் சொல்லுங்க அண்ணி. கால் மரத்திருக்கா, மனசு மரத்திருக்கான்னு தெரியல,” என்றான் கொழுந்தன்.

“அவரை விடுங்க,” என்றாள் வாசலக்கா. “எனக்கு என் வேலை இருந்தா போதும். கீழ எல்லார் செருப்பும் அப்படியே கிடக்கு.”

மணி ஐந்து. குயவரின் மகளை வழியனுப்பிவிட்டு மூவரும் மரப்படிக்கு வந்தபோது, வாசலக்கா சட்டென்று நின்றாள்.

செருப்பு அலமாரியின் அடித்தட்டு மூலையில் எப்போதும் உள்முகமாகக் கிடக்கும் அவளுடைய தேய்ந்த ரப்பர் செருப்பு, படியின் நட்ட நடுவில் இருந்தது. இரண்டும் ஒட்டினாற்போல், முனை வாசலைப் பார்த்தபடி. மாடிப்படி வளைவில் ஒரு வெள்ளைக் காலுறை அவசரமாக மறைந்தது.

அவள் முகம் வெளுத்தது. “அண்ணி… பெட்டி கிடைச்ச பிறகும் என்னைப் போகச் சொல்றாரா?”

கொழுந்தன் வாயைத் திறந்தான். அண்ணி அவன் காலை மிதித்தாள்.

“மக்கு. பதினோரு வருஷமா நீ தினம் நூறு பேருக்குச் செய்யறது என்னது?”

வாசலக்கா செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. குனிந்தாள். ஒரு செருப்பைத் தொட்டு, அரை விரல் நகர்த்தி நேராக்கினாள்.

“இடது கால் கோணலா வச்சிருக்கார்,” என்றாள். “நாளைக்கு வந்து சொல்லித் தர்றேன்.”

இரண்டு காலையும் நுழைத்துக்கொண்டு, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் நடந்தாள்.